தங்கா மலைச் சாலையில் கடைசி வண்டி

வெற்றிலைக்குத் தடவியபோது விரலில் ஒட்டிய சுண்ணாம்பைக் கார் ஜன்னலுக்கு வெளியே நீட்டி உதறினேன். நான் செய்த குற்றம் அவ்வளவுதான்.

செனாவாங் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தோம். பின்னால் வந்த பச்சை லாரிக்காரர் என் கையைப் பார்த்து, "வழி இருக்கிறது, முந்திப் போங்கள்" என்று நான் சைகை காட்டுவதாக எடுத்துக்கொண்டார். வலப்பக்கம் ஏறி என்னைத் தாண்ட வந்தார். எதிரே பஸ். மூன்று வண்டிகளும் பிரேக் போட்டு, ஒன்றை ஒன்று முத்தமிடாத குறையாக நின்றன.

லாரிக்காரர் இறங்கி வந்தார். தலையில் சிவப்புத் துண்டு, காதுவரை மீசை.

"ஏண்ணே, அந்தக் கை என்ன சொல்லுச்சு? வான்னு சொல்லுச்சா, வேணாம்னு சொல்லுச்சா?"

"சுண்ணாம்புங்க," என்றேன்.

அவர் என் விரலைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "சுண்ணாம்ப வீட்டுல பூசுங்கண்ணே. ரோட்டுல பூசாதீங்க லா."

வண்டி கிளம்பிக் கால் மைல் போனதும் என் மனைவி பார்வதி என் பக்கம் திரும்பினாள். அப்புறம் சொன்னாள்: "அவரு சொன்னது சரிதான். வீட்டுச் சுவரு மூணு வருஷமா அப்படியே கெடக்கு."

பெடாஸிலிருந்து கோலா கிளாவாங்குக்குக் காரில் போக நினைப்பவர்களுக்கு உதவியாக இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் எஸ்டேட் ஸ்டோரில் வேலை பார்ப்பவன். தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு சரி. கார் ஓட்ட லைசென்ஸ் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. கார் என்னுடையது அல்ல, எஸ்டேட் கணக்கெழுதும் எங்கள் கிராணியாருடைய பழைய ஆஸ்டின். ஆகவே, இதில் உள்ள நல்ல யோசனைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டுவதை மட்டும் என்னைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டாம்.

தைப்பூசம் முடிந்த அடுத்த ஞாயிறு கிளம்பினோம். மகள் ராஜத்துக்கு ஏழாம் மாதம். மாப்பிள்ளை கோலா கிளாவாங்குக்கு அப்பால் இரண்டு மைலில் ஓர் எஸ்டேட்டில் வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர். அங்கே வளைகாப்பு முடித்து, மகளைத் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். வழக்கம் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் சாலை. அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு வர வேண்டுமென்றால் புக்கிட் தங்கா மலையைத் தாண்டியாக வேண்டும். காட்டில் கம்யூனிஸ்ட்காரர்கள் துப்பாக்கியோடு பதுங்கியிருக்கும் மலாயாவின் இந்த அவசர காலத்தில், வலி வந்த பெண்ணை இருட்டில் ஏற்றிக்கொண்டு அந்த மலையை யார் தாண்டுவது? எங்கள் வீட்டிலிருந்து சிரம்பான் ஆஸ்பத்திரி பதினாறு மைல், அதுவும் சமதரை.

போன வருஷம் ராஜத்துக்கு ஒன்று மூன்றாம் மாதத்திலேயே கலைந்துவிட்டது. அதனால் இந்த முறை எஸ்டேட்டில் மருந்து கொடுக்கும் டிரெஸர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார்: வண்டி குலுங்கக் கூடாது, மலையில் பதினைந்து மைல் வேகத்துக்கு மேல் மிதிக்கவே கூடாது.

காலை ஏழு மணிக்கு எங்கள் எஸ்டேட் கேட்டில் சோதனை. அடையாளக் கார்டு எங்கள் இருவருடையதும் கையில் தயார்; திரும்பும் வழிக்கு மகளும் தன்னுடையதை எடுத்து வைக்கட்டும் என்று முன்பே ஆள் அனுப்பியிருந்தேன். அதில் பெருமைப்பட்டுக்கொண்டு பார்வதியின் தூக்குச்சட்டியை மறந்துவிட்டேன். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, இன்னும் மூன்று வகை. சாப்பாடு எதுவும் கம்பி வேலிக்கு வெளியே போகக் கூடாது என்பது சட்டம். காட்டுக்குள் இருப்பவர்களுக்குப் போய்விடுமாம். "என் மவளுக்குப் போவுதுப்பா, காட்டுக்கு இல்ல," என்று பார்வதி வாதாடிப் பார்த்தாள். காவல்காரர் சிரித்தார், ஆனால் சட்டியை விடவில்லை. நீங்கள் போகும்போது பூவும் வளையலும் மட்டும் எடுத்துப் போங்கள். சோற்றைப் போகிற இடத்தில் வடித்துக்கொள்ளலாம்.

சிரம்பானில் மூன்று கேலன் பெட்ரோல் போட்டேன். போய்வர அது போதும், ஆறு வெள்ளிப் பணத்துக்குள் அடங்கும். அங்கிருந்து கோலா கிளாவாங் இருபத்து நாலு மைல். முதல் பாதி மலாய்க்காரர்களின் கம்பத்து வீடுகளும் வயலுமாகப் போகும். அப்புறம் மலை அடிவாரத்தில் ஒரு காப்பிக் கடை வரும். அங்கே கட்டாயம் நில்லுங்கள். காப்பிக்காக அல்ல.

இது எந்த அதிகாரியும் போட்ட சட்டம் இல்லை, டிரைவர்களே போட்டுக்கொண்டது. மலையில் தனி வண்டியாக யாரும் ஏறுவதில்லை. ஆறேழு வண்டிகள் சேரும்வரை காப்பி குடிப்பார்கள். சேர்ந்ததும் வரிசையாகக் கிளம்புவார்கள். அந்த வரிசையில் எந்த இடம் என்பதில்தான் சண்டை. முதல் வண்டி ஆகாது. சாலையில் மரம் வெட்டிப் போட்டிருந்தால் அதுதான் போய் நிற்கும். கடைசி வண்டி அதைவிட ஆகாது. முதல் வண்டிக்கு ஏதாவது ஆனால் பின்னால் வருகிறவர்கள் பார்ப்பார்கள். கடைசி வண்டிக்கு ஆனால் பார்க்க யார் இருக்கிறார்கள்?

ஆகவே எல்லாருக்கும் நடு இடம் வேண்டும். எஞ்சின் சத்தம் கேட்டதும் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு ஓடுகிறார்கள். ஹாரன், திட்டு, ஒருவர் மூக்கை ஒருவர் மறித்து நிறுத்துவது. பெரிய மனிதர்கள் கல்யாணப் பந்தியில் இடம் பிடிப்பது போல இருந்தது. அந்தப் பச்சை லாரியும் அங்கே நின்றது. பெயர் செல்லப்பன் என்று கடைக்காரர் கூப்பிட்டபோது தெரிந்தது. காலி லாரியை ஒரே வெட்டு வெட்டி மூன்றாவது இடத்தில் சொருகினார். சொருகிக்கொண்டே என்னைப் பார்த்து, "சுண்ணாம்பு காஞ்சிருச்சாண்ணே?" என்றார்.

நான் கியர் விழாமல் தடுமாறி முடிப்பதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது. எனக்குக் கிடைத்தது கடைசி இடம்.

மலை அழகு என்றால் அழகு. பெரிய பெரிய பெரணிச் செடிகள், பாறையில் வழியும் தண்ணீர், ஒரு வளைவில் திரும்பினால் கீழே தோட்டங்கள் பச்சைப் பாய் விரித்தது போல. டிரைவர்களின் ஒழுங்கும் பார்க்க வேண்டியதுதான். அடிவாரத்தில் அப்படி அடித்துக்கொண்டவர்கள், ஏறத் தொடங்கியதும் சாலைக்கு மரியாதை கொடுக்கிறார்கள். வளைவுக்கு முன் ஒரு நீள ஹாரன், பதில் வருகிறதா என்று காது கொடுத்தல். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி ஒதுங்கும். காலி வண்டி பாரவண்டிக்கு ஒதுங்கும். கையை மேலும் கீழும் தட்டினால் "மெதுவாகப் போகிறேன்". முன்னால் வீசினால் "தாண்டிக்கொள்ளுங்கள்". அதையெல்லாம் ரசித்தேன் என்று எழுதத்தான் ஆசை. உண்மையில் நான் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் பார்க்கும் அந்தச் சின்னக் கண்ணாடியில் வெறும் சாலை. ஒவ்வொரு வளைவிலும் மூங்கில் புதர் வந்து அந்தச் சாலையையும் மூடிவிடும். மறுபடி திறக்கும். மறுபடி வெறும் சாலை. ஒன்றுமே தெரியாத கண்ணாடி மனுஷனை இப்படிப் பயமுறுத்தும் என்று எனக்கு அதுவரை தெரியாது. முதுகில் யாரோ ஈரத்துணி போட்ட மாதிரி இருந்தது. நாற்பது மைல் வேகத்தில் மலையைத் தாண்டினேன். ஆஸ்டினுக்கு அவ்வளவு வேகம் உண்டு என்று கிராணியாருக்கே தெரியாது. அவரிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

வளைகாப்பு நன்றாக நடந்தது. ராஜத்தின் இரண்டு கையிலும் முழங்கைவரை பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல். சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரப் பார்த்தேன், பார்வதி விரட்டினாள். ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகு காலம், அதற்குள் கிளம்ப வேண்டும். எனக்கு வேறு கணக்கு. எங்கள் எஸ்டேட் கேட் ஆறு மணிக்குப் பூட்டப்படும். மூன்று மணிக்கு வண்டியை எடுத்தேன். மகளைப் பின் சீட்டில், எனக்கு நேர் பின்னால் உட்கார வைத்து இரண்டு பக்கமும் தலையணை கொடுத்தாள் பார்வதி.

கோலா கிளாவாங் பக்கத்துக் காப்பிக் கடையில் ஆறு வண்டிகள். பச்சை லாரியும் திரும்பி வந்திருந்தது, இப்போது முதுகு நிறைய மரக்கட்டை. இந்த முறை நான் முந்திக்கொண்டேன். இரண்டாவது இடம். எனக்கு முன்னால் ஒரு வேன். எனக்குப் பின்னால் லாரி, அதன் பின்னால் பஸ்ஸும் இரண்டு கார்களும். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பெருமை ஒரு மைல் தாங்கியது. சாலை ஏறத் தொடங்கியதும் நான் பதினைந்துக்கு இறக்கினேன். வேன் வளைவில் மறைந்துவிட்டது. பின்னால் ஹாரன் ஆரம்பித்தது. முதலில் லாரி. அதைப் பார்த்து பஸ். அப்புறம் எல்லாம். என் வாழ்நாளில் இத்தனை பேர் ஒரே நேரத்தில் என்னைக் கூப்பிட்டதில்லை.

"கொஞ்சம் மிதிங்களேன்," என்றாள் பார்வதி.

மிதித்தேன். ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறியது. பின்னால் ராஜம் மூச்சை இழுத்துப் பிடித்தாள்.

"என்னாம்மா?"

"ஒண்ணுமில்லப்பா. வயித்த இழுக்குது. மெதுவா போங்க."

திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. மறுபடி பதினைந்துக்கு வந்தேன். லாரி கண்ணாடி நிறைய வந்து நின்று அலறியது. கையை வெளியே நீட்டி, மெதுவாக என்று தட்டிக் காட்டினேன். காலையில் என் கை செய்த வேலையால் அதை அவர் நம்பவில்லை போலிருக்கிறது. ஹாரன் இன்னும் பலமானது.

அப்போது எனக்குப் பின்னாலிருந்து இன்னொரு கை வெளியே நீண்டது. ராஜத்தின் கை. முழங்கைவரை வளையல். காற்றைத் தடவிக் கொடுப்பது போல, கீழே, கீழே என்று இரண்டு முறை தட்டினாள். வளையல் சத்தம் எனக்கே கேட்டது.

லாரியின் ஹாரன் அந்த நிமிஷமே நின்றது.

அத்தனை கண்ணாடி வளையல் எந்தப் பெண்ணின் கையில் இருக்கும் என்று நம் ஆளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. லாரி பத்தடி பின்வாங்கியது. கொஞ்ச தூரத்தில் சாலை அகலமாக இருந்த இடத்தில் செல்லப்பன் கையை நீட்டி, பின்னால் இருந்தவர்களை முன்னால் போகச் சொல்லி வீசினார். பஸ் எங்களைத் தாண்டியது. கண்டக்டர் எட்டிப் பார்த்து, "பெலான்-பெலான், மெதுவாவே வாங்கண்ணே," என்றார். இரண்டு கார்களும் தாண்டின. நான் கையைக் காட்டி லாரியையும் போகச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். வரவில்லை.

மலை முழுக்க நாங்கள் இரண்டே வண்டி. மூங்கில் இரண்டு பக்கமும் கவிந்து கிடக்கும் ஒரு நீளமான இடம் உண்டு, எல்லாரும் மிதித்துப் பறக்கும் இடம். என் கால் தானாக அழுத்தப் போனது. கண்ணாடியில் பார்த்தேன். பச்சை லாரி பக்கத்தில் நெருங்கி வந்திருந்தது. ஹாரன் இல்லை. சிவப்புத் துண்டும் மீசையும், இரண்டு கையும் ஸ்டியரிங்கில். காலைத் தளர்த்தினேன். அத்தனை மரத்தைச் சுமந்துகொண்டு அந்த லாரி, கோயில் தேர் மாதிரி என் பின்னால் வந்தது. அன்று மாலை என் கண்ணாடியில் வெறும் சாலை ஒருமுறைகூடத் தெரியவில்லை.

அடிவாரம் வந்ததும் ஒரே ஒரு ஹாரன். நான் ஒதுங்கினேன். தாண்டும்போது குனிந்து, "பாப்பா சௌக்கியமாம்மா?" என்று பின் சீட்டைக் கேட்டார். ராஜம் தலையசைத்தாள். என்னிடம், "இப்பவாவது கைய உள்ள வையுங்கண்ணே," என்றார். அடுத்த நொடி முன்னால் போன ஒரு காரை வெட்டி, ஹாரனில் மிரட்டி, புழுதி கிளப்பிக்கொண்டு பறந்துவிட்டார். அந்தக் கார்க்காரர் அவரைத் திட்டியிருப்பார். நியாயம்தான்.

ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது எங்கள் கேட்டுக்குள் நுழைந்தோம். ராகு காலத்தில் வந்து சேர்ந்தோமே என்றேன். கிளம்பிய நேரம்தான் கணக்கு என்று பார்வதி தீர்ப்புச் சொன்னாள். பேத்தி மாசியும் பங்குனியும் தாண்டிச் சித்திரையில், ஆஸ்பத்திரியில், நல்லபடியாகப் பிறந்தாள்.

போகிறவர்களுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். மலைக்கு முன் வண்டிகள் சேரும்வரை பொறுங்கள். இருட்டுக்கு முன் திரும்பிவிடுங்கள். வளைவில் ஹாரன் அடித்துவிட்டுக் காது கொடுங்கள். கையை வெளியே நீட்டினால் அதற்கு ஓர் அர்த்தம் இருக்கட்டும். வெற்றிலையை வீட்டில் போடுங்கள். பின்னால் ஒருவர் முரட்டுத்தனமாக ஹாரன் அடித்தால் அவரைப் பற்றி உடனே முடிவுகட்டாதீர்கள். நம் சாலைகளில் ஓட்டுகிறவர்களைப் பற்றி எனக்கு மதிப்பு அதிகம். திட்டு வாங்கியவன் சொல்கிறேன்.

அன்று வீட்டு வாசலில் இறங்கியபோது ராஜம் கேட்டாள்: "அந்த லாரிக்காரருக்கு ரொம்பப் பொறுமை, இல்லப்பா? அவ்ளோ நேரம் பின்னாலயே வந்தாரே."

"ஆமாம்மா, நல்ல மனுஷன்," என்றேன். தலையணையை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தேன்.

அவ்வளவு நேரமும் அவருடைய கண்ணாடியில் என்ன தெரிந்திருக்கும் என்பதை நான் சொல்லவில்லை.