மாமா கொண்டுவந்த ஆன்டிவைரஸ்

எங்கள் ஃபிளாட்டின் இரண்டாம் மாடி மாமி வீட்டுக் கம்ப்யூட்டர் ஒரு நாள் காலையில் பூட்டிக்கொண்டது. மகள் கல்யாணப் படங்கள், பேரனின் வீடியோக்கள், எதையும் திறக்க முடியவில்லை. பணம் கட்டினால் திறந்துவிடுகிறோம் என்று திரையில் ஒரு மிரட்டல் மட்டும் நின்றது. மாமி லிஃப்டில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லி அழுதார். ஸ்ரீரங்கத்தில் பயம் வந்தால் ஜனங்கள் முதலில் கோயிலுக்குப் போவார்கள், அப்புறம் அசோசியேஷன் செக்ரட்டரியிடம் வருவார்கள். எங்கள் செக்ரட்டரி என் அப்பா.

எந்த ஆன்டிவைரஸ் வாங்குவது என்று அப்பா முடிவு செய்தால் மொத்த ஃபிளாட்டும் அதையே வாங்கும். தண்ணீர் ஃபில்டர் அப்படித்தான் வந்தது, இன்வர்ட்டரும் அப்படித்தான். இது அப்பாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். திருவானைக்காவலில் இருந்த என் மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தம்பிக்கு, எல்லோரையும்விட நன்றாகத் தெரியும்.

மாமா அப்போது சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடையில் சேல்ஸ்மேன். நாற்பதை நெருங்கிய மனுஷர், தோளில் டெமோ பையை மாட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறி ஆன்டிவைரஸ் விற்றார். அதற்கு முன் அவர் பார்த்த வேலைகளை அப்பா சாப்பிடும்போது ராகம் போட்டுச் சொல்வார்: மெடிக்கல் ரெப், இன்ஷூரன்ஸ், ஊதுபத்தி ஏஜென்சி. தீபாவளிக்குள் ஒரு பெரிய ஆர்டர் கொண்டுவந்தால் இரு, இல்லாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள் என்று கடை முதலாளி சொல்லிவிட்டாராம். மாமா எங்கள் ஃபிளாட்டைக் காட்டி முதலாளியிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். அக்கா வீடு என்ற தைரியம்.

நான் துவாக்குடியில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தேன். தினமும் பஸ்ஸில் போய்வரும் நேரமெல்லாம் ஆன்டிவைரஸ் பரிசோதனை அறிக்கைகளைப் படித்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, எனக்கே ஆசை. எங்கள் கம்ப்யூட்டர் கிழடு. அதோடு கூடவே வந்த பாதுகாப்புக்கு இப்போது அப்டேட் கிடையாது. மேலே வேறொன்று போட்டிருந்தோம், அதன் சந்தாவும் முடிந்துபோய், சிவப்புக் கட்டம் ஒன்று மூலையில் எட்டிப் பார்த்து முறைத்துக்கொண்டே இருந்தது. விலை உயர்ந்ததைப் போட்டால் மெஷின் மூச்சுத் திணறும். இலவசமாகக் கிடைப்பது வைரஸைப் பிடிக்கிறதோ இல்லையோ, 'என்னை வாங்கு, என்னை வாங்கு' என்று நச்சரிக்கும். மாமா விற்றதோ எடை குறைவு, பரிசோதனைகளில் நல்ல பெயர், எங்கள் பழைய மெஷினுக்குக் கச்சிதம். சொந்தம் என்பதற்காக நான் அதைச் சொல்லவில்லை. நிஜமாகவே அதுதான் சரி. அப்பாவிடம் சொன்னேன். பார்க்கலாம் என்றார்.

சரஸ்வதி பூஜை அன்று மாமா வந்தார். கையில் ஒரு தாம்பாளம். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், வாழைப்பழம், அவற்றுக்கு நடுவே செலோபேன் தாள் பளபளக்க ஆன்டிவைரஸ் பெட்டி. இலவசமாகக் கொடுத்தால் அப்பாவுக்குக் கௌரவக் குறைச்சலாக இருக்குமோ என்று யோசித்து, பிறந்த வீட்டுச் சீராகக் கொண்டுவந்திருந்தார். உலகத்தில் வேறு எந்த சேல்ஸ்மேனும் சாமானைத் தாம்பாளத்தில் வைத்துக் கொண்டுவந்திருக்க மாட்டான்.

அப்பா பெட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சீரா? பரவாயில்லையே. உங்கக்கா கல்யாணத்துல வரவேண்டிய வெள்ளிக் குடம் இப்பதான் வந்து சேர்ந்திருக்கு. கொஞ்சம் சப்பையா இருக்கு, அவ்வளவுதான்."

மாமா சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். அம்மா சிரித்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

காலையிலேயே புஸ்தகங்களோடு கம்ப்யூட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, ஹயக்ரீவர் படத்துக்கு முன்னால் உட்கார்த்தியிருந்தோம். அன்றைக்கு யாரும் படிக்கக்கூடாது, எழுதக்கூடாது, பூஜையில் வைத்ததைத் தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமிக்குத்தான் எடுப்போம். மாமா தயங்கித் தயங்கிக் கேட்டார். பழைய ஆன்டிவைரஸை இன்றைக்கே நீக்கிவிட்டால் நல்லது, கொஞ்ச நேரம் பிடிக்கும், நாளைக்கு வந்தவுடன் புதிதை மட்டும் போட்டுவிடலாம் என்றார். பூஜையில் வைத்ததை எடுக்கப்படாது என்று அப்பா ஒரே வாக்கியத்தில் முடித்தார். நாளைக்கு ஃபிளாட்டில் எல்லோரையும் வரச்சொல்லியிருக்கிறேன், எல்லோர் முன்னாலும் போட்டுக் காட்டு, பிடித்தால் வாங்குவார்கள் என்றார். மாமா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். சாப்பிட்டுவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் அப்பா என்னிடம் வந்து, வழக்கமில்லாத வழக்கமாக ஒரு டெக்னிகல் கேள்வி கேட்டார். பழசை எடுக்காமல் புதிதைப் போட்டால் என்ன ஆகும்?

இப்படி ஒரு கேள்விக்காகத்தான் நான் வருஷக்கணக்காகக் காத்திருந்தேன். உட்கார்த்திவைத்து விளக்கினேன். இரண்டும் ஒரே வாசலில் நிற்கிற காவல்காரர்கள் மாதிரி, இவன் அவனைத் திருடன் என்று பிடிப்பான், அவன் இவனைப் பிடிப்பான், இந்த இழுபறியில் கம்ப்யூட்டர் அப்படியே உறைந்துபோகும் என்றேன். புதிதைப் போடும்போதே 'பழையதை நீக்கட்டுமா' என்று அது கேட்கும், அங்கே 'பிறகு' என்று அமுக்கிவிட்டால் போச்சு என்றேன். அப்பா நடுவில் குறுக்கிடவே இல்லை. இவ்வளவு பொறுமையாக அவர் என் பேச்சைக் கேட்டதே கிடையாது. கடைசியில், நீ புத்திசாலிதான் என்று வேறு சொன்னார்.

விஜயதசமி காலையில் எங்கள் ஹால் நிறைந்துவிட்டது. கீழ் வீட்டு ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டர், இரண்டாம் மாடி மாமி, இன்னும் ஏழெட்டுப் பேர். சுண்டல் சுற்றி வந்தது. மாமா இஸ்திரி போட்ட சட்டையில், நெற்றியில் திருமண் துலங்க, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். வைரஸ் எப்படி வருகிறது, மெயிலில் வரும் பொய் பில் எப்படி இருக்கும் என்றெல்லாம் அழகாகத்தான் ஆரம்பித்தார். மாமி முன்னால் நகர்ந்து வந்து கேட்டார். ஹெட்மாஸ்டர்கூட ஒரு சந்தேகம் கேட்டார், மாமா சரியாகப் பதில் சொன்னார். ஜெயித்துவிடுவார் போலிருந்தது.

அப்பா கடிகாரத்தைப் பார்த்தார்.

"ராகுகாலம் வரப்போறது. பேசினது போறும், போடு."

பழசை எடுத்துவிட்டு ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்தால் போதும், பத்து நிமிஷம்தான் என்றார் மாமா.

"விஜயதசமி அன்னிக்கு ராகுகாலத்துல ஆரம்பிக்கச் சொல்றியா? உனக்கு எதுதான் இதுவரைக்கும் உருப்பட்டிருக்கு, அதுலயும் இப்படியா?"

ஹெட்மாஸ்டர் தலையை ஆட்டினார். ராகுகாலத்துக்கு முன்னால் ஒரு க்ளிக்காவது செய்துவிட வேண்டும் என்பது அவருக்கும் நியாயமாகப் பட்டது. நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பழசை எடுத்தே ஆகணும் என்று நான் சத்தமாகவே சொன்னேன். சின்னவா குறுக்கே பேசக்கூடாது என்றாள் அம்மா. மாமா மௌஸைப் பிடித்தார். 'பழையதை நீக்கட்டுமா' என்று கேட்ட கட்டத்தில் 'பிறகு' என்பதை அமுக்கினார்.

கொஞ்ச நேரத்தில் மௌஸ் அம்பு நகரவில்லை. மூலையில் பழையது சிவப்பாக வந்து, மாமாவின் புது ஆன்டிவைரஸையே அபாயம் என்று காட்டியது. அப்புறம் திரை அப்படியே நின்றுவிட்டது. சந்தனப் பொட்டோடு ஒரு செத்த கம்ப்யூட்டர்.

"வைரஸ் வந்து என்ன பண்ணணும்? அதோட வேலையை இதுவே பண்ணிடறதே," என்றார் அப்பா. ஹால் முழுக்கச் சிரிப்பு. மாமியும் சிரித்தார், கல்யாண ஃபோட்டோவைத் தொலைத்தவர். மாமா பட்டனை அமுக்கி அமுக்கிப் பார்த்தார், சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. இது ப்ராடக்ட்டின் தப்பில்லை என்று நான் ஒவ்வொருவராகப் பிடித்து விளக்கினேன். சரிம்மா, சரிம்மா என்று சுண்டலை முடித்தார்கள். காபித் தட்டோடு வந்த அம்மா தம்பியைப் பார்த்துச் சொன்னாள்:

"தெரியலைன்னா தெரியலைன்னு முன்னாடியே சொல்லப்படாதாடா? எனக்குன்னா அவமானமா இருக்கு."

மாமா காபி குடிக்கவில்லை. பையை மாட்டிக்கொண்டு, எல்லோருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

சாயங்காலம் நான் பழையதை வேரோடு எடுத்தேன். மாமாவின் ஆன்டிவைரஸை முறையாகப் போட்டேன். ஒரு கெடுதலும் செய்யாத, பரிசோதனைக்கென்றே உருவாக்கிய சின்ன ஃபைல் ஒன்று உண்டு. அதை இறக்கியவுடன் லபக்கென்று பிடித்துவிட்டது. மெஷின் முன்பைவிட வேகமாக ஓடியது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். வேலை செய்யறது பாருங்கோ, எல்லாரையும் இன்னொரு தடவை கூப்பிடலாம் என்றேன்.

அப்பா பார்த்தார். ஆச்சரியமே படவில்லை.

"தெரியுமே. நீதானே நேத்து சாயங்காலம் அவ்வளவு தெளிவா விளக்கினே."

அப்புறம் ஏன் அவசரப்படுத்தினேள் என்று கேட்டேன். அவர் மறைக்கவெல்லாம் இல்லை, நாற்காலியில் சாய்ந்து நிதானமாகச் சொன்னார். இவன் ஜெயித்தால் ஒவ்வொரு வீட்டுக்கும் இவன்தான் வருவான். வருஷா வருஷம் வருவான். லிஃப்டில் பார்க்கணும், படியில் பார்க்கணும், செக்ரட்டரியின் மச்சினன் பையை மாட்டிக்கொண்டு பெல் அடிக்கிறான் என்று நாலு பேர் சொல்வார்கள். வேண்டாம் என்று நேரே சொன்னால் உங்கம்மா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள். இப்போது பார், அவளே திட்டி அனுப்பிவிட்டாள்.

"அவன் சீராக் கொடுத்தது நல்லாதானே இருக்கு, நம்மாத்துல அது இருக்கட்டும்," என்று எழுந்து போனார். ஃபிளாட்டுக்கு வேறொன்றை, பேங்க்கில் தன்னோடு வேலை பார்க்கிறவரின் பிள்ளை மூலமாக ஏற்பாடு செய்தார். மெஷினைத் திணற வைக்கிற அந்த விலை உயர்ந்தது. எல்லோரும் வாங்கினார்கள்.

இரண்டு மூன்று நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டின்போது கடை முதலாளி அப்பாவுக்கே ஃபோன் செய்தார். கை எச்சில் என்பதால் அப்பா ஸ்பீக்கரில் போட்டார். மரியாதையாகப் பேசினார் அந்த மனுஷர். உங்க ஃபிளாட்டை நம்பித்தான் அவரை வெச்சிருந்தேன், என்ன சார் ஆச்சு, ப்ராடக்ட் சரியில்லையா, இல்ல அவர்தான் சொதப்பிட்டாரா, மனசு விட்டுச் சொல்லுங்க என்றார்.

அவசரப்படுத்தியது நான்தான் என்று அப்பா ஒரு வார்த்தை சொன்னால் போதும். அம்மா ரசக் கரண்டியோடு நின்றாள். உள்ளே கம்ப்யூட்டரில் மாமாவின் ஆன்டிவைரஸ் பச்சை டிக்கோடு ஓடிக்கொண்டிருந்தது.

"ப்ராடக்ட்ல குறை சொல்லப்படாது. எங்காத்துப் பையன், அதனால உள்ளதைச் சொல்றேன். நல்லவன். வேலைதான் தெரியாது," என்றார் அப்பா.

சரிங்க சார், பெரியவங்க நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் என்று அவர் வைத்துவிட்டார். அம்மா ரசம் விட்டாள். அப்பா அப்பளம் கேட்டார்.

நான் அன்றே சிநேகிதி வீட்டுக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டு சத்திரத்துக்கு பஸ் ஏறினேன். கடையில் முதலாளி தனியாக இருந்தார். மூச்சு விடாமல் சொன்னேன். பழசு இருந்தது, எடுக்க விடவில்லை, இரண்டும் மோதிக்கொண்டன, மாமா மேல் தப்பே கிடையாது, இப்போது அருமையாக ஓடுகிறது. கவுன்ட்டரில் இருந்த லேப்டாப்பிலேயே எங்கே எதை அமுக்கினால் என்ன ஆகும் என்று செய்து காட்டினேன். இரண்டு கஸ்டமர்கள் வந்து நின்று பார்த்தார்கள். ஒருவர், நல்லா இருக்கே, எனக்கு ஒண்ணு போட்டுக்குடுங்க என்றார்.

முதலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்கப்பாகிட்ட பேசின கையோட உங்க மாமாவை நிறுத்திட்டேன்மா. அதை விடுங்க. நீங்க இவ்வளவு தெளிவா பேசறீங்களே, சனி ஞாயிறு மட்டும் டெமோ காட்ட வரீங்களா?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பெரியவர்களிடம் முகத்தில் அடித்தாற்போல முடியாது என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான். காவிரிப் பாலம் தாண்டி வீட்டுக்கு வருவதற்குள் முதலாளி, நான் சேரப்போவதாகவே மாமாவுக்கு ஃபோன் செய்து சொல்லிவிட்டார். வீட்டிலும் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. அப்பா வாசலிலேயே நின்று, கெட்டிக்காரி, அவன் வருஷம் பூரா அலைஞ்சு பிடிக்காததை ஒரு மத்தியானத்துல பிடிச்சுட்டியே என்றார்.

அப்புறம் மாமா கூப்பிட்டார். நான் விளக்க ஆரம்பித்தேன். அவர் கேட்கவில்லை.

"ஓனர் சொன்னார். நல்ல இடம்தான், சேந்துக்கோ. டெமோ பை எங்கிட்டதான் இருக்கு, திருப்பிக் குடுக்கணும். நாளைக்குக் கொண்டுவந்து உங்கிட்டயே குடுத்துடறேன். அத்திம்பேர் ஆபீஸ் போனப்புறம் வரேன். எத்தனை மணிக்குக் கிளம்புவார், சொல்லு."

சொன்னேன்.