வாயில் தண்ணீரோடு ஐந்து வீதி

எவர்சில்வர் டம்ளரிலிருந்து வாய் நிறைய வாங்கிக்கொண்ட குளிர்ந்த தண்ணீர், முதல் வீதி முடிவதற்குள் எச்சிலோடு கலந்து வெதுவெதுப்பாகிவிடும். அந்த வழவழப்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் குமட்டுகிறது. அப்பாவை நாங்கள் அத்தா என்போம்; புதுச்சேரியில் தையற்கடை வைத்திருந்தார். வாயால் மூச்சு விடும் பிள்ளைகளுக்குத் தொண்டைப்புண்ணும் சளியும் ஓயாது என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்குப் போகும் வழியில் நானும் அக்காவும் வாயில் தண்ணீரை அடக்கியபடியே வீட்டிலிருந்து கடைவரை ஐந்து வீதி நடந்து வரவேண்டும், வந்து அவர் கண்ணெதிரே துப்பிக் காட்டவேண்டும் என்று சட்டம் போட்டார். வீட்டில் அதற்குத் "தண்ணி நடை" என்று பேர்.

எனக்கு ஏழு வயது, அக்காவுக்குப் பத்து. இரண்டாவது வீதியிலேயே எனக்கு விழி பிதுங்கும். மூக்கால் எவ்வளவு இழுத்தாலும் பாதிக் காற்றுகூட உள்ளே போகாது. புரையேறி, தண்ணீரை விழுங்கிவிட்டு, வாயைப் பிளந்து இரைத்துக்கொண்டு நிற்பேன். அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல் முன்னே போய்விடுவாள். நான் கடைக்குப் போய்ச் சேரும்போது கன்னம் உப்ப நின்றிருப்பவள், அப்போதுதான் துப்புவாள். அத்தா கழுத்தில் தொங்கும் இஞ்சு டேப்போடு எழுந்து வந்து அவள் தலையைத் தடவுவார். என்னைத் திட்டமாட்டார். அளவு கொடுக்க வந்தவர்களிடம், "பெரியவ சொன்னா கேப்பா. சின்னவளுக்குத்தான் புடிவாதம்" என்பார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. எப்படிச் செய்கிறாய் என்று அக்காவிடம் எத்தனையோ நாள் கெஞ்சியிருக்கிறேன். "மூக்கால இழுடி, அவ்ளோதான்" என்பாள். மூக்கு எரியும்வரை இழுத்தேன். கடைசியில், எனக்குத்தான் மனசில்லை போலிருக்கிறது என்று நானே நம்பிவிட்டேன்.

அந்தப் "புடிவாதக்காரி" பட்டம் பிறகு எல்லாவற்றுக்கும் ஒட்டிக்கொண்டது. கணக்கில் மார்க் குறைந்தாலும் அதுதான், மேலே படிக்கிறேன் என்று நின்றாலும் அதுதான்.

போன மாதம், என் மகள் வாயைப் பிளந்துகொண்டு டிவி பார்ப்பதைக் கண்டு, பட்டும் புத்தி வராத நான் அவளையும் வாயில் தண்ணீரோடு லாஸ்பேட்டையில் எங்கள் தெருவில் நடக்கவிட்டேன். அவள் புரையேறி அழுத பிறகுதான் டாக்டரிடம் ஓடினேன். மூக்குக்குப் பின்னால் சதை வளர்ந்து அடைத்திருந்தது. "மொதல்ல வழி தொறந்திருக்கான்னு பாக்கணும்மா. அப்பறம்தான் பழக்கமெல்லாம்" என்றார். என் மூக்கையும் பார்த்தார். நடு எலும்பு வளைந்திருக்கிறதாம். சின்ன வயதிலிருந்தே இருந்திருக்குமாம்.

மகளைப் பார்க்க வந்த அக்காவிடம் இதைச் சொன்னேன். டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"நான் மட்டும் எங்கடி வச்சிருந்தேன்? தெருமுக்கு திரும்புனதும் முழுங்கிடுவேன். கடைக்கிட்ட கொழா இருந்துச்சில்ல, அதுல நெரப்பிக்குவேன். உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

எனக்குத் தெரியாது. அந்தத் தெருக்குழாயைப் பிடுங்கி எத்தனையோ வருஷம் ஆகிறது. தையற்கடை இருந்த இடத்தில் வெளியூர்க்காரர்கள் காப்பி குடிக்கிறார்கள். அத்தா மௌத்தாகி, அடக்கம் செய்து ஆறு வருஷம். அக்கா செய்தது பத்து வயதுப் பிள்ளையின் திருட்டுத்தனம், அது என்றாவது ஆறிவிடும். ஆனால், தினமும் கண்ணெதிரே இரைத்துக்கொண்டு வந்து நின்ற என்னைப் பார்த்து, "ஏம்மா, மூச்சு விட முடியலியா?" என்று அத்தா ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.