கிணற்று மானியம் வாங்கிய சென்னகிருஷ்ணன்

செத்து மூன்று வருஷமான சென்னகிருஷ்ணனை 1954இல் நான்தான் பிழைக்க வைத்தேன். அதற்கு ஒரு மனுவும் என் அதிகப்பிரசங்கித்தனமும் போதுமானதாக இருந்தன.

அப்போது நான் மைசூர் எல்லையை ஒட்டிய பேரிகைப் பக்கம், சர்க்கார் திட்டங்களை ஊருக்குள் கொண்டுபோகும் கிராம சேவக். புதுக் கிணறு வெட்டினால் பாதிச் செலவை சர்க்கார் மானியமாகக் கொடுத்தது. பட்டாவில் யார் பெயரோ அவருக்கு மட்டும். எங்கள் சரகத்தில் பட்டாதாரர்களில் பாதிப்பேர் மண்ணுக்குள் இருந்தார்கள். பெரியவர்கள் பெயரைப் பட்டாவிலிருந்து எடுத்தால் வீட்டுக்கு ஆகாது என்று யாரும் மாற்றுவதில்லை. சென்னகிருஷ்ணனின் மனைவி நாராயணம்மாவும் மாற்றவில்லை. பிள்ளை கிடையாது. இரண்டு ஏக்கர் மேட்டு நிலமும் அவளும்தான். பெயர் மாற்றப் போனால் கொழுந்தன் கோவிந்தப்பன் பங்கு கேட்டு வந்து நிற்பான், மானியமும் போய்விடும் என்று அவளைப் பயமுறுத்தி, செத்தவர் பெயரிலேயே மனுவை எழுதினேன்.

“புருஷன் கோலார் தங்கச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போயிருக்காருன்னு சொல்லும்மா. கிணத்தப் பாக்க இன்ஸ்பெக்டர் வர்ற அன்னிக்குப் பொட்டு வெச்சுக்க.”

“செத்தவர இருக்காருன்னு சொன்னா, அவரு வந்து நிக்க மாட்டாருங்களா சாமி?”

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது.

நிலத்தை அடமானம் வைத்து ஆள்விட்டுக் கிணறு வெட்டினாள். இன்ஸ்பெக்டர் வந்த நாளெல்லாம் பொட்டு வைத்தாள், பூ வைத்தாள்; பிறகு தினமுமே வைத்தாள். கொஞ்ச நாளில், கூலிக்காரர்கள் சாப்பிடப் போன உச்சி வேளையில், ஆளில்லாத குழிக்குள் கடப்பாரைச் சத்தம் கேட்கிறது என்றாள். அவருக்கென்று கேழ்வரகுக் களியில் ஓர் உருண்டை அதிகமாகப் போட ஆரம்பித்தாள். முப்பதடியில் தண்ணீர் வந்தது. “அவரு வெட்டுனதுதான்” என்றாள்.

மானியத்தை வாங்க, பட்டாதாரர் தாலுகா ஆபீசுக்கு நேரில் வந்து கைநாட்டு வைக்க வேண்டும் என்றார்கள். பணம் வராவிட்டால் அடமானத்தில் நிலம் போய்விடும். கடைசியில் நான் தேடிப் போனது கோவிந்தப்பனைத்தான். அண்ணனின் அதே முகம்.

“அந்தாளு மட்டும் வேணாம் சாமி” என்று கெஞ்சினாள். நான் கேட்கவில்லை.

அண்ணன் பெயரில் கைநாட்டு வைத்துவிட்டு, பணத்தை அப்படியே அவள் கையில் கொடுத்தான். பார்த்தாயா என்று நான் பெருமை வேறு பட்டுக்கொண்டேன். அவள் கடனை அடைத்து நிலத்தை மீட்டாள்.

அடுத்த மாசம் அவன் துணி மூட்டையோடு அவள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தான்.

“நான்தான் சென்னகிருஷ்ணன்னு சர்க்காரே எழுதிக்கிச்சே அண்ணி. நிலமும் என்னுது, வீடும் என்னுது. இல்லைன்னு போய்ச் சொல்லு, உன்னையும் சேத்துத்தான் உள்ள தள்ளுவாங்க.”

அவள் என்னிடம் ஓடி வந்தாள். என் வேலை போய்விடுமே என்ற பயத்தில், நாலு நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்றேன். அவள் என் வாசல் தொட்டித் தண்ணீரிலேயே நெற்றிப் பொட்டைக் கழுவிக்கொண்டு நேரே தாலுகா ஆபீசுக்கு நடந்தாள். என் புருஷன் செத்து மூணு வருஷத்துக்கு மேலாகிறது, பொய் சொன்னது நான் என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். கோவிந்தப்பன் அன்றே மைசூர் எல்லையைத் தாண்டி ஓடியவன் திரும்பவில்லை. மானியத்தைத் திருப்பிக் கட்ட, கிணறு இருந்த பாதி நிலத்தை அவள் விற்றாள். மனு எழுதியது யார் என்று துருவித் துருவிக் கேட்டார்களாம். அவள் என் பெயரைச் சொல்லவில்லை.

இரண்டு வருஷம் கழித்துப் பேரிகைச் சந்தையில் அவரைக்காய் விற்றுக்கொண்டிருந்தாள். நழுவப் பார்த்தேன். கூப்பிட்டுவிட்டாள். அரை வீசை காய் நிறுக்கச் சொன்னேன்.

“இப்ப அவரு வர்றதில்லீங்க சாமி. கடப்பாரைச் சத்தமும் இல்ல.” என் முகத்தையே பார்த்தாள். “உங்ககிட்ட வர்றாருங்களா?”

இல்லை என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, கேட்காமலேயே ஒரு கை காய் அதிகமாக என் பையில் போட்டாள்.