என் மகளுக்கும் கொலம்பியாக்காரருக்கும் சேர்த்து ஓர் அர்ச்சனை

போன வருஷம் ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று ஐம்பது. கள்ளக்குறிச்சியில் பள்ளிகளுக்கு இடையிலான பெண்கள் கால்பந்து ஆட்டம். என் மகள் யாழினி இடது ஓரமாகப் பந்தை எடுத்துக்கொண்டு ஓடினாள். சட்டென்று உள்பக்கம் திரும்பினாள். உடம்பு திரும்பியது. இடது கால் திரும்பவில்லை. யாரும் அவளை இடிக்கவில்லை. கோட்டுக்கு வெளியே நின்ற எனக்கே அந்தச் சத்தம் கேட்டது. காய்ந்த மரவள்ளிக் குச்சியை ஒடிப்பதுபோல ஒரு சத்தம்.

நான் சின்னசேலம் பக்கத்தில் ஒரு ஜவ்வரிசி மில்லில், கிழங்கு ஏற்றி வரும் லாரிகளுக்கு எடை போடுகிறவன். பன்னிரண்டாவது வரை படித்தவன். எழுதுவது எனக்குப் புதிதல்ல. ஆனால் இதை எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். "அம்மன நம்பறவங்ககிட்டகூட சொல்லலன்னா அப்புறம் யார்கிட்ட சொல்லப் போறீங்க?" என்று என் மனைவி மல்லிகா கேட்டாள். அதனால் எழுதுகிறேன்.

யாழினிக்கு அப்போது பதினாறு வயது. அவள் அன்று திரும்பிய அந்தத் திருப்பம் அவளுடையது அல்ல. ஐரோப்பாவில் கால்பந்து ஆடும் ஒரு கொலம்பியாக்காரருடையது. போனில் பார்த்துப் பார்த்துப் பழகியது. அவர் பெயரை எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டாள். அவரைக் கேட்காமல் எழுதுவது தப்பாம். வீட்டில் அவர் 'கொலம்பியா அண்ணன்'. ஆற்றங்கரைக் கிராமத்தில் பிறந்தவர். அப்பா மீன் பிடிக்கிறவர். ஆள் குள்ளம் என்று இரண்டு கிளப்புகள் திருப்பி அனுப்பியிருக்கின்றன. பத்தொன்பது வயதில் போர்ச்சுகலுக்குப் போய், ஒரு வருஷம் முழுக்கப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறார். பிறகு ஸ்பெயின். அங்கேதான் பெயர் வந்தது. இதெல்லாம் எங்கள் வீட்டில் சாப்பிடும்போது பேசுகிற பேச்சு.

விழுந்த இடத்திலேயே விளையாட்டு ஆசிரியை அவள் முட்டியைத் தொட்டுப் பார்த்தார். "சார், லிகமென்ட் மாதிரி தெரியுது. இப்பவே சேலம் கொண்டு போங்க. ரெண்டு மூணு நாள் தங்க வேண்டியிருக்கும்" என்றார்.

நான் என் மணிக்கட்டைப் பார்த்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் காப்புக் கட்டியிருந்தார்கள். பத்தாம் நாள் தீமிதி. தீ மிதிக்கிறவர்களில் நானும் ஒருவன். கையில் மஞ்சள் கயிறு ஏறிவிட்டால் பகலில் எங்கே போனாலும் பொழுது சாய ஊர் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். வெளியூரில் தங்கக் கூடாது. தங்கினால் ஊருக்கே குற்றம் என்பார்கள். பிறந்ததிலிருந்து நம்பியது. அந்தப் பயத்தில் நான் செய்த தப்பை மறைக்காமல் சொல்கிறேன். சேலம் போகவில்லை. எல்லைக்குள்ளேயே எலும்புக்குக் கட்டுப் போடுகிற ஒருவரிடம் கொண்டுபோனேன். முட்டை வெள்ளை, உளுந்து மாவு, மூங்கில் பட்டை. தொடையிலிருந்து கணுக்கால் வரை இறுக்கிக் கட்டினார்.

புதன்கிழமை யாழினி, "அப்பா, ரொம்ப இறுக்குதுப்பா" என்றாள்.

"பொறுத்துக்கம்மா. தீமிதி முடியட்டும். போயிடலாம்."

இதை நான்தான் சொன்னேன். என் வாயால் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு மல்லிகா கூப்பிட்டாள். "இங்க வாங்க. இவ வெரலத் தொட்டுப் பாருங்க." தொட்டேன். பானைத் தண்ணீர் மாதிரி சில்லென்று இருந்தது. நாவல் பழம் மாதிரி நிறம். "நான் தொடறது தெரியுதாம்மா?" என்று கேட்டேன். "எங்கப்பா தொடறீங்க?" என்றாள்.

அதற்குப் பிறகு நான் எதையும் யோசிக்கவில்லை. மில் மேஸ்திரி தன் காரை அனுப்பினார். ஊர் எல்லையில், பெயர்ப் பலகைக்கு முன்னால், கோயில் தலைவரும் மூன்று பேரும் நின்றிருந்தார்கள். செய்தி அதற்குள் போய்விட்டது. தலைவர் எங்கள் ஊரில் பெரிய நிலக்காரர். என் அப்பா அவர் வயலில் கூலி வேலை செய்தவர். அவர் முன்னால் நான் அதுவரை நிமிர்ந்து பேசியதில்லை.

"இன்னாடா, காப்போட கெளம்பிட்ட?"

"பொண்ணு காலு போவுதுங்க."

"பொண்டாட்டிய அனுப்பு. நீ இரு. இல்லன்னா கயித்த அவுத்து கோயில்ல வச்சிட்டுப் போ. ஊரு குத்தத்த யாரு சொமக்கறது?"

நான் கயிற்றைத் திருகிக்கொண்டிருந்தேன். பின்சீட்டில் மகள் தலையை மடியில் வைத்திருந்த மல்லிகா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"ஏங்க, அம்மாவுக்கு சேலம் போற வழி தெரியாதா?"

அப்போதுதான் எனக்கும் வாய் வந்தது. "அவுக்க மாட்டேங்க. அம்மா பேர்ல கட்டினது. வேணாம்னா அவளே வந்து அவுக்கட்டும்" என்றேன். கார் நகர்ந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வழியெல்லாம் நான் வேண்டியது வேண்டுதல் மாதிரியே இல்லை. சண்டை மாதிரி இருந்தது. 'சபை நடுவில் நின்று பெரியவர்களைப் பார்த்துக் கேள்வி கேட்டவள் நீ. நான் ஒரு கேள்வி கேட்டதற்கா கோபப்படப் போகிறாய்? உன் கயிறு என் கையில் இருக்கிறது. நீயும் இந்தக் காரில்தான் இருக்கிறாய். என் மகள் காலைக் கொடு.'

சேலத்தில் கட்டை வெட்டி எடுத்தார்கள். "இன்னும் அரை நாள் போயிருந்தா..." என்ற மருத்துவர் என் மணிக்கட்டைப் பார்த்தார். "காப்பு உங்க கையிலங்க. கால் அவளுது" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

நிறம் திரும்பியது. சூடு திரும்பியது. உணர்ச்சி திரும்பவில்லை. பாதம் தொங்கிக்கொண்டே இருந்தது. நரம்பு அழுந்தியிருக்கிறது, வரலாம், வராமலும் போகலாம் என்றார்கள். சனி போனது. ஞாயிறு போனது. திங்கள் போனது. யாழினி போனைக்கூடத் தொடவில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணி. எங்கள் ஊரில் தீக்குண்டத்தில் இறங்குகிற நேரம். நான் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, காப்புக் கட்டிய கையை அவள் உள்ளங்காலில் வைத்திருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு, மனதுக்குள் ஒவ்வொரு அடியாகத் தீயில் நடந்தேன்.

"அப்பா, கைய எடுங்க."

"ஏம்மா, வலிக்குதா?"

"இல்லப்பா. கூசுது."

நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில் அம்மா, "இன்னா ஆச்சு, இன்னா ஆச்சு?" என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். நான் திரும்பத் திரும்ப அவள் காலில் கூச்சம் காட்டினேன். அவள் சிரித்தாள். மல்லிகா தரையில் உட்கார்ந்து அழுதாள். அழுத்தம் போனால் நரம்பு தானாகத் திரும்பும் என்று மருத்துவர் விளக்கினார். சரி. நான் மறுக்கவில்லை. ஆனால் பத்தாம் நாள், அந்த நேரத்தில், அந்தக் கைக்குக் கீழே திரும்பியது. அதை யாரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது.

ஊருக்குத் திரும்பினோம். அந்த வருஷம் மரவள்ளியில் மாவுப்பூச்சி விழுந்தது. அதற்கும் நான்தான் காரணம் என்றார்கள். "எம் பொண்ணு முட்டிக்குள்ள இருந்தா பூச்சி கெளம்பிச்சு?" என்று டீக்கடையில் கேட்டேன். முன்பெல்லாம் இப்படிக் கேட்கிறவன் இல்லை நான்.

ஐப்பசியில் முட்டிக்கு அறுவை சிகிச்சை நடந்தது. ஒன்பது மாதத்துக்கு மேலேகூட ஆகலாம், ஆட முடியுமா என்பதைப் பிறகுதான் சொல்ல முடியும் என்றார்கள். யாழினி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அப்போதுதான் நான் அந்தக் கொலம்பியாக்காரரின் கதையை ஒழுங்காகப் படித்தேன். இருபத்து மூன்று வயதில் அவருக்கும் இதே இடது முட்டி போயிருக்கிறது. பதினான்கு மாதம் ஆட்டமில்லை. அவர் சட்டை எண்ணைக் கிளப் வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டது. அவரை இரவல் கொடுப்பதுபோல ஒரு சின்ன ஊர் அணிக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கேயிருந்து மறுபடி மேலே ஏறி வந்திருக்கிறார். எந்த மாதம் என்ன செய்தார் என்று எழுதி அவள் கட்டிலுக்கு மேலே ஒட்டினேன். அவர் எப்போது ஊன்றுகோலை விட்டாரோ அப்போது இவளும் விட வேண்டும் என்று கணக்கு. முட்டியை மடக்கிவிட அவருக்கு மெஷின் இருந்தது. எங்களுக்கு மல்லிகா. தண்ணீருக்குள் நடக்க அவருக்கு வெந்நீர்க் குளம். எங்களுக்குப் பக்கத்துக் காட்டுப் பம்புசெட் தொட்டி.

ஒரு வெள்ளிக்கிழமை அர்ச்சனைக்குப் போனேன். "யாழினி, சுவாதி நட்சத்திரம். கூட இன்னொரு பேரும் சொல்லணும்" என்று பூசாரியிடம் அவர் பெயரைச் சொன்னேன்.

"இன்னா பேருப்பா இது, வாயிலயே நொழைய மாட்டேங்குது. நட்சத்திரம்?"

"தெரியாதுங்க."

"எந்த ஊரு?"

"கொலம்பியா."

"அது எங்க இருக்குது, செங்கம் பக்கமா?"

"கடல் தாண்டிங்க. இப்ப ஸ்பெயின்ல ஆடறாரு."

"ஓ, பொழைக்கப் போன புள்ளையா? நம்ம பசங்க சிங்கப்பூர் போற மாதிரி." பூசாரி தட்டை எடுத்தார். "அவங்கம்மா அங்க இன்னா கவலையில இருக்குதோ. சாமி பேருக்கே பண்ணிடறேன் வுடு."

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் இரண்டு பேருக்கும் ஒரே தட்டுதான்.

மாசியில் அடி விழுந்தது. அவருக்கு அதே முட்டி மறுபடி போய்விட்டது. கிளப்பும் விலக்கிவிட்டது. "பாத்தீங்களாப்பா? அவருக்கே போயிடுச்சு. எனக்கெல்லாம் இன்னா?" என்றாள் யாழினி. சுவரில் ஒட்டிய தாள்களைக் கிழித்துப்போட்டாள். பயிற்சியை நிறுத்திவிட்டாள். முட்டி மறுபடி இறுக ஆரம்பித்தது.

உச்சி வெயிலில் கோயிலுக்குப் போனேன். நடை சாத்தியிருந்தது. கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். 'ஒரே தட்டில் இரண்டு பேரை வைத்தேன். ஒருவரைக் கீழே தள்ளினால் இன்னொருத்தியும் விழுவாள் என்று உனக்குத் தெரியாதா? நான் போக மாட்டேன். இங்கேயே நிற்பேன்.' பூசாரி வந்து கதவைத் திறக்கும் வரை நின்றேன். மறுநாளும் போய் நின்றேன். இருபது நாளுக்கு மேல் நின்றிருப்பேன். உடனே எதுவும் நடக்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

சித்திரை பிறந்து ஒரு காலை. யாழினி போனோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இத்தாலியில் ஏதோ ஒரு சின்ன ஊர் அணி. கொலம்பியா அண்ணனைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். காயம் நாங்கள் பயந்த அளவுக்கு இல்லையாம். போனில் அந்த ஆட்டத்தைக் காட்டினாள். அங்கே மழை பெய்கிறது. பார்க்க வந்தவர்களும் கொஞ்சம் பேர்தான். கடைசிப் பத்து நிமிடத்துக்கு அவரை இறக்கினார்கள். முட்டியில் பட்டையோடு ஓடுகிறார். பந்து கிடைத்ததும் அதே இடது ஓரம், அதே திருப்பம். விழவில்லை. அவள் அந்தப் பத்து நிமிடத்தை மூன்று முறை பார்த்தாள். எழுந்து துண்டை எடுத்துக்கொண்டு பம்புசெட் தொட்டிக்குப் போனாள்.

இந்த ஆடியில் காப்புக்குப் போய் நின்றேன். தலைவர் தடுத்தார். "பாதியில போனவனுக்குக் காப்பு கெடையாது."

சட்டைக் கையை மடக்கிக் காட்டினேன். போன வருஷக் கயிறு நிறம் போய், நார் மாதிரி, இன்னும் கையிலேயே இருந்தது. "பாதியில போகலீங்க. எனக்குப் போன வருஷத் திருவிழாவே இன்னும் முடியல."

பூசாரி அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பழைய கயிற்றுக்குப் பக்கத்திலேயே புதிதைக் கட்டிவிட்டார். பத்தாம் நாள் தீயில் இறங்கினேன். சூடே தெரியவில்லை என்று சொல்ல மாட்டேன். தெரிந்தது. நடந்தேன்.

அம்மனை நம்புகிற உங்களுக்கு நான் சொல்வது இதுதான். அவளை எல்லையில் நின்று ஆள் பிடிக்கிற காவல்காரியாக நினைத்தேன். அது என் தப்பு. அதற்கு என் பெண்ணின் கால் விலையாகப் போயிருக்கும். உங்கள் வீட்டில் யாருக்காவது ஆபத்து வந்தால் நாள் பார்க்காதீர்கள், ஊர் வாயைப் பார்க்காதீர்கள். கயிறோடு கிளம்புங்கள். மருத்துவரிடம் ஓடுங்கள். அவளும் கூடவே ஓடி வருவாள். கோபம் வந்தால் அவளிடமே சண்டை போடுங்கள். தாங்கிக்கொள்வாள். என்னைத் தாங்கிக்கொண்டாள். எதற்கெடுத்தாலும் நடுங்குகிற என்னை நிமிர்ந்து நிற்கிறவனாக ஆக்கினாள். நான் கடன்பட்டவன்.

புரட்டாசியில் மருத்துவர் ஆடலாம் என்றார். முதல் ஆட்டம் கல்வராயன் மலைமேல், அங்குள்ள பள்ளிப் பெண்களோடு. கூடவே பஸ்ஸில் ஏறிப் போனேன். உள்ளே போய்ப் பார்க்க மட்டும் தைரியம் வரவில்லை. மைதானத்துச் சுவருக்கு வெளியே நின்றேன். உள்ளே கூச்சல் எழும்பும்போதெல்லாம் உயிர் போய் வந்தது. ஒருமுறை ரொம்ப நேரம் சத்தமே இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டேன். பிறகு விசில் ஊதினார்கள். பிள்ளைகள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். எல்லோருக்கும் கடைசியில் யாழினி வந்தாள், உடம்பெல்லாம் செம்மண்ணாக, ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு, தன் காலால் நடந்து.

"தோத்துட்டோம்பா. மூணுக்கு ஒண்ணு. அந்த ஒண்ணு நான் அடிச்சது. அடுத்த வாரம் அவங்க நம்ம கிரவுண்டுக்கு வர்றாங்க, வரட்டும். நீங்க இந்த மாதிரி வெளிய நின்னுக்கினு இருக்காம உள்ள வந்து பாருங்க."