மாமனார் உயிரோடு இருப்பதைப் போனுக்குப் புரியவைத்தது

எழுதுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். ரேஷன் கடையில் பெயரைக் கேட்டாலே குரல் கம்மிவிடும். அப்படிப்பட்டவள் அறிவியல், தொழில்நுட்பம் என்று பேச வந்தால் படித்தவர்களுக்குச் சிரிப்பு வரும். சிரித்துவிட்டு மன்னித்துவிடுங்கள். தினமும் செய்தித்தாளை உரக்கப் படிக்கிறவள், ஒரு தடவை எழுதியும் பார்க்கலாமே என்று தோன்றியது, அவ்வளவுதான்.

எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், கீழ்ப் போர்ஷன். மாமனார் பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குக் கண்ணில் புரை விழுந்து எழுத்து மங்கியபோது பேப்பர் படித்துக்காட்டும் வேலை என்னிடம் வந்தது. அரசியல் வேண்டாம் என்பார். சாவுச் செய்தி வேண்டாம். விளையாட்டை முந்தின ராத்திரியே டிவியில் பார்த்திருப்பார். மிச்சம் இருப்பது உள்பக்கத்து மூலையில் வரும் அறிவியல் செய்திதான். ஆபரேஷன் முடிந்து கண் தெளிவான பிறகும் இந்த ஏற்பாடு மாறவில்லை. படிப்பது என் வேலை, தீர்ப்புச் சொல்வது அவர் வேலை.

எந்தப் புதுச் சாதனத்தைப் பற்றிப் படித்தாலும் அவர் கேட்பது ஒரே கேள்விதான்.

"பழுதானா யாரு பார்ப்பா?"

"அது போடலைங்க மாமா."

"அப்ப பாதிதான் கண்டுபிடிச்சிருக்கான். மீதியைக் கண்டுபிடிச்சதும் சொல்லச் சொல்லு."

எனக்கும் அபிப்பிராயங்கள் உண்டு. வெளியே சொல்வதில்லை. துணி மடிக்கும் ரோபோ வந்துவிட்டது என்று ஒருநாள் படித்தேன். பக்கத்தில் படமும் போட்டிருந்தார்கள். அது மடித்த சட்டையில் காலர் உள்ளே போயிருந்தது, ஒரு கை வெளியே தொங்கியது. எங்கள் வீட்டில் நான் அப்படி மடித்தால் பேப்பரில் போட மாட்டார்கள். காபி இதயத்துக்கு நல்லது என்று ஒரு வாரமும், கெட்டது என்று இன்னொரு வாரமும் வரும். அந்த ஆராய்ச்சிக்காரர்கள் வீட்டில் காபி போடுகிறவர் யார், அவர் எந்த வாரம் எதை நம்பிப் பால் காய்ச்சுகிறார் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

மேல் போர்ஷனில் ஓய்வு பெற்ற இயற்பியல் டீச்சர் ஒருவர் தனியாக இருக்கிறார். மாடியில் துணி உலர்த்திக்கொண்டே நான் படிப்பதைக் கேட்பார். மாமனாரின் தீர்ப்பு வந்ததும் மேலேயிருந்து மேல்முறையீடு வரும்.

"சார், தெரியாத விஷயத்துல வாயை விடாதீங்க."

"டீச்சர், உங்க காலத்து ஃபிசிக்ஸ் எல்லாம் இப்ப மாத்திட்டாங்களாம். பேப்பர்ல போட்டிருக்கு."

"எந்தப் பேப்பர்ல?"

"இவ படிச்சா."

நான் படித்திருக்க மாட்டேன். ஆனால் மறுக்கவும் மாட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கண் ஆபரேஷனுக்கு முன்னால் மாமனார் ரொம்பப் பயந்துபோயிருந்தார். பார்வை நல்லபடியாகத் திரும்பினால் மொட்டை போடுவதாகச் சமயபுரம் அம்மனிடம் வேண்டிக்கொண்டார். திரும்பியது. தலையில் தண்ணீர் விடலாம் என்று டாக்டர் சொன்னதும் நவம்பர் மாதத்தில் ஒருநாள் கிளம்பினோம். முடி இறக்குகிறவர் கத்தியை வைத்துக்கொண்டு, "மீசை இருக்கட்டுங்களா பெரியவரே?" என்று கேட்டார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இருக்கும் மீசை அது. இரண்டு பக்கமும் மேல்நோக்கி வளைந்து, அவர் வருவதற்கு முன்பே வந்துவிடும். மாமனார் யோசித்தார்.

"முடின்னுதான் வேண்டிக்கிட்டேன். மீசை முடி இல்லையா? சாமி வேலையில அரை ஷிப்ட் கிடையாது. எடுங்க."

சந்தனம் பூசிய தலையோடும் வெறும் உதட்டோடும் அவர் திரும்பி என்னைப் பார்த்தபோது, யாரோ என்று நினைத்துச் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

நவம்பரில் பென்ஷன்காரர்கள் தாங்கள் உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். இது மாமனாருக்குச் சின்ன விஷயம் இல்லை. அவரோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் ஒரு வருடம் இதைத் தவறவிட்டுவிட்டார். மறுபடி அவர் உயிரோடு வருவதற்குள் ஒரு மழைக்காலமே போய்விட்டது. அதுவரை காபித்தூளுக்கும் சவரத்துக்கும் மகனிடம் கை நீட்டினார். அந்த நண்பரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் மாமனார், "அவன் செத்திருந்தப்போ," என்றுதான் ஆரம்பிப்பார். தனக்கு அந்த நிலை வரக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். ஆனாலும் சாமி வேலை முதலில், சர்க்கார் வேலை பிறகு என்று சமயபுரத்தை முன்னால் வைத்துவிட்டார்.

மாதக் கடைசி சனிக்கிழமை பேங்க் போனோம். விரல் வைக்கும் மெஷினில் பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தார். பணிமனையில் தேய்ந்த விரல்கள். எதுவும் ஏறவில்லை. கவுண்டரில் இருந்த தம்பி ஆதார் அட்டையைப் பார்த்தார், மாமனாரைப் பார்த்தார்.

"பெரியவரே, இந்தப் போட்டோல இருக்கிறது யாரு?"

"நான்தான்."

"அப்ப நீங்க யாரு?"

அட்டைப் படத்தில் தெளிவாக விழுந்திருந்தது மீசை ஒன்றுதான். மற்றதெல்லாம் நிழல்.

"கோவிச்சுக்காதீங்க. போன்லயே முகத்தைக் காட்டிப் பதிவு பண்ணலாம். வீட்டுக்குப் போய் இன்னைக்கே பண்ணிடுங்க. நாளைக்கு ஞாயிறு, அதோட மாசம் முடியுது."

என் கணவர் வெளியூர் பஸ் டிரைவர். டூட்டிக்குக் கிளம்பும் அவசரத்தில் அதற்கான செயலியை என் போனில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, "ஈஸிதான், அதுவே சொல்லும்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஈஸி என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் யாரும் பக்கத்தில் இருந்து பார்ப்பதில்லை என்பது தொழில்நுட்பம் பற்றி என்னுடைய இன்னொரு அபிப்பிராயம்.

முதலில் உதவி செய்கிறவர் தன் முகத்தைக் காட்ட வேண்டுமாம், அதற்குப் பிறகுதான் பென்ஷன்காரர் முகம். கல்யாண போட்டோவில்கூட யார் முதுகுக்காவது பின்னால் நிற்கிறவள் நான். மாமனார் எதிரில், மாடிப்படியில் இறங்கி வந்து நின்ற டீச்சர் எதிரில், போனை முகத்துக்கு நேரே பிடித்தேன். வட்டத்துக்குள் வரச் சொன்னது. கண்ணைச் சிமிட்டச் சொன்னது. பயத்தில் நான் ஏற்கெனவே சிமிட்டிக்கொண்டுதான் இருந்தேன். உடனே பச்சை டிக் விழுந்தது.

"பாரு," என்றார் மாமனார். "நீ உயிரோட இருக்கேன்னு உடனே ஒத்துக்கிட்டான். உன்னை யாரு கேட்டா?"

அடுத்து அவர் முறை. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். போனைத் தூக்கியதும் மூச்சை அடக்கி, தாடையை இறுக்கி, கண்ணை அகல விரித்து அப்படியே உறைந்துபோனார். அவர் காலத்தில் ஸ்டுடியோவில் படம் எடுக்கும்போது சிமிட்டினால் படம் கெட்டுப்போகும், போட்டோக்காரர் திட்டுவார். அந்தப் பழக்கம் உடம்பில் ஊறிவிட்டது.

"சிமிட்டுங்க மாமா."

உதட்டை அசைக்காமல், "சிமிட்டினா படம் கெட்டுடும்," என்றார்.

"கெடாதுங்க. சிமிட்டச் சொல்லுது."

"எந்த ஊர்ல படம் எடுக்கிறவன் சிமிட்டச் சொல்வான்? ஏமாத்துறான்."

போனைக் கீழே இறக்கியதும் படபடவென்று சிமிட்டினார். தூக்கியதும் நின்றுவிட்டது. சரிபார்க்க முடியவில்லை என்று போனில் வந்தது. மறுபடி முயன்றோம். மறுபடியும் அதேதான். தலையில் விழுந்த டியூப்லைட் வெளிச்சம் நேராகப் போனுக்கே திரும்பி வருகிறது என்றார் டீச்சர். வாசல்படிக்கு மாறினோம். தூறல் விழுந்தது. டீச்சர் குடை பிடித்தார். குடையின் நிழல் முகத்தில் விழுந்தது.

அன்று காலைதான் ஒரு செய்தி படித்திருந்தேன். எங்கேயோ ஒரு கிரகத்தின் காற்றில் ஏதோ வாயு இருக்கிறது, அதனால் அங்கே உயிர் இருக்கலாம் என்று. மாமனாருக்கு அது ஞாபகம் வந்துவிட்டது.

"அத்தனை தூரத்துல உயிர் இருக்குன்னு காத்தை வச்சே கண்டுபிடிக்கிறான். ஒரு முழம் எதிர்ல உட்கார்ந்து மூச்சு விடுறேன், என்னைத் தெரியலையா அவனுக்கு?"

"மூச்சை அடக்கிட்டுத்தானே சார் உட்கார்ந்திருக்கீங்க," என்றார் டீச்சர்.

மாமனார் கோபமாக உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தேன். கட்டிலில் உட்கார்ந்து மேலுதட்டைத் தடவிக்கொண்டிருந்தார். "இனிமே பேப்பர் நிறுத்திடலாம்மா," என்றார். "சந்தா கட்டுறது நான். பென்ஷன் இல்லேன்னா என் மகன்கிட்ட கேட்கணும். கேட்க மாட்டேன்." எனக்குச் சங்கடமாக இருந்தது. பேப்பர் நின்றால் எனக்கும் ஒன்றும் மிச்சமில்லை.

மீசை இல்லாததுதான் கோளாறு என்று டீச்சர் முடிவுக்கு வந்தார். ஆதார் படத்தில் இருக்கும் ஒரே அடையாளத்தைச் சமயபுரத்தில் விட்டுவிட்டு வந்தால் மெஷின் எதை வைத்துக் கண்டுபிடிக்கும்? விஞ்ஞானம் படித்தவர் சொன்னதால் நாங்கள் நம்பினோம். கண்மையால் வரையலாம் என்றார். மாமனார் முகத்தைத் தொட எனக்குக் கை வரவில்லை. டீச்சரே வரைந்தார். ஒரு பக்கம் மேலே போனது, மறுபக்கம் கன்னத்துக்குப் போனது. மாமனார் கண்ணாடியைப் பார்த்தார்.

"இவனுக்கு நானே பென்ஷன் கொடுக்க மாட்டேன் டீச்சர்."

போனும் கொடுக்கவில்லை.

பள்ளி ஆண்டு விழாவுக்கு வேஷ உடைகள் வாடகைக்கு விடும் கடை ஒன்று சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பது எனக்குத் தெரியும். டீச்சருக்கு முட்டி வலி. மாமனார் மை மீசையோடு வெளியே வர மறுத்தார். நானே பஸ் ஏறிப் போனேன். கடைக்காரர் முன்னால் நின்று, எப்படிக் கேட்பது என்று தெரியாமல் தொங்கிய கிரீடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன வேணும்மா?"

"மீசை."

"எத்தனாவது படிக்கிறான்?"

"மாமனாருக்குங்க."

"எந்த ஸ்கூல்?"

"ஸ்கூல் இல்லீங்க. உயிரோட இருக்காருன்னு காட்டணும்."

அவர் கையிலிருந்த கிரீடத்தைக் கீழே வைத்தார். பிறகு, வியாபாரம் வியாபாரம்தான் என்பதுபோல ஒரு டப்பாவைத் திறந்தார்.

"ராஜா மீசை, போலீஸ் மீசை எல்லாம் விழாவுக்குப் போயிடுச்சு. எமன் மீசை ஒண்ணுதான் இருக்கு. நல்ல அடர்த்தி, மேல வளைஞ்சிருக்கும். தரட்டுமா?"

தலையை ஆட்டினேன். ஒரு சிறு பாட்டிலில் பசையும் கொடுத்தார். பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டுகிறவரை பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். யாராவது திறந்து பார்க்கப் போகிறார்கள் என்று பயம்.

என்ன மீசை என்று மாமனார் கேட்டபோது பொய் சொல்ல வரவில்லை.

"எமன் மீசைங்க மாமா."

மேலேயிருந்து இறங்கி வந்துகொண்டிருந்த டீச்சர், "மாதாவே," என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மாமனார் சிரிக்கவில்லை. மீசையைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, நுனியை முறுக்கினார்.

"வேலைப்பாடு மோசமில்லை," என்றார். "ஒட்டுங்க டீச்சர்."

ஒட்டியதும் பழைய மாமனார் பாதி திரும்பி வந்துவிட்டார். வாசல்படியில் உட்கார்ந்தார். தூறல் விட்டிருந்தது. நான் முதலில் என் முகத்தைக் காட்டி மறுபடி டிக் வாங்கினேன். பிறகு போனை அவர் பக்கம் திருப்பினேன். வழக்கம்போல மூச்சை அடக்கி உறைந்தார். ஆனால் பசையின் நெடி மூக்கில் ஏறியது, மீசை முடி மூக்குத் துவாரத்தில் குத்தியது. கண்ணில் நீர் முட்டியது. முகம் கோணியது. ஒரு சிமிட்டல், இன்னொரு சிமிட்டல், அதைத் தொடர்ந்து சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு தும்மல். மீசை ஒரு பக்கம் பிய்ந்து காதோரம் தொங்கியது. அந்த நேரத்தில் டிக் விழுந்தது. சான்று ஏற்கப்பட்டது என்று குறுஞ்செய்தியும் வந்துவிட்டது.

"நான் சொன்னேன்ல, மீசைதான்," என்றார் டீச்சர்.

"மீசை பிஞ்ச பிறகுதான் டீச்சர் விழுந்துச்சு. என் முகத்தைப் பார்த்துத்தான் ஒத்துக்கிட்டான்."

"பிய்யறதுக்கு முன்னாடியே விழுந்துடுச்சு. நான் பார்த்தேன்."

"நீங்க கண்ணை மூடிட்டிருந்தீங்க. தும்மினா தெறிக்கும்னு." என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. போன் உன் கையிலதானே இருந்துச்சு."

சிமிட்டியதுதான் காரணம் என்று எனக்குத் தெரியும். முதலிலிருந்தே அதைத்தான் அந்தப் போன் கேட்டுக்கொண்டிருந்தது. ஆனால் இரண்டு பேரும் அத்தனை ஆவலோடு என்னைப் பார்த்தார்கள்.

"நானும் கண்ணை மூடிட்டேங்க மாமா," என்றேன்.

இரண்டு பேருக்கும் அது பிடித்துப்போனது. இருட்டும்வரை வாசலிலேயே நின்று சண்டை போட்டார்கள். மாமனார் பேச்சு வேகத்தில் அந்தத் தொங்கும் மீசையை எடுக்கவே மறந்துவிட்டார். சந்தில் போனவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் அவர் மேலுதடு பசையால் சிவந்து வீங்கியிருந்தது. தேங்காய் எண்ணெய் தடவினார். மத்தியானம் நான் சத்திரம் போய் மீசையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.