எட்டாவது படம்

எங்கள் அத்தைக்குப் புகைப்படத்தில் கண் மூடிக்கொள்ளும். வேண்டுமென்றே மூடுவதில்லை. இந்த முறை மூட மாட்டேன் என்று சொல்லிக்கொண்டேதான் நாற்காலியில் உட்காருவாள். ஃப்ளாஷ் அடிக்கும் அந்த நொடியில் இமை தானாகக் கீழே வந்துவிடும். பாண்டி பஜார் ஸ்டுடியோ ஒன்றில் மூன்று தடவை எடுத்து, மூன்றில் கண் பாதியாவது திறந்திருந்த ஒன்றை அப்பா தேர்ந்தெடுத்து வைத்திருந்தார். யாரோ தூக்கத்தில் எழுப்பிப் பயமுறுத்தியது போன்ற முகம். அந்தப் படம்தான் இரண்டு மூன்று வருடங்களாக ஜாதகத்தோடு பல வீடுகளுக்குப் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் அப்பா அந்த ஸ்டுடியோக்காரரைத் திட்டுவார்.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. அப்போது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. அடையாறில் ஒரு மருந்துக் கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தாள். தி.நகரில் நாங்கள் குடியிருந்த மாடி வீட்டில் இரண்டே அறைகள். அதில் ஒன்று எனக்கும் அத்தைக்கும். எனக்குப் பதினோரு வயது. காலையில் எனக்குத் தலைவாரிப் பின்னிவிட்டுத்தான் அத்தை பஸ்ஸுக்கு ஓடுவாள். மாலையில் வந்து கணக்குச் சொல்லிக்கொடுப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பெசன்ட் நகர் கடற்கரைக்குக் கூட்டிப்போவாள். உடைந்துபோன ரேடியோவிலிருந்து அப்பா கழற்றிக் கொடுத்த ஸ்பீக்கர் காந்தம் ஒன்று என்னிடம் இருந்தது. அதை மணலில் இழுத்தால் கறுப்புத் தூள் ரோமம் போல ஒட்டிக்கொள்ளும். நான் இழுக்க, அத்தை அந்தத் தூளைக் காகிதத்தில் தட்டி மடித்துக் கொடுப்பாள். அம்மாவுக்கு இதற்கெல்லாம் நேரம் கிடையாது. உண்மையைச் சொன்னால், அம்மா வீட்டை நடத்தினாள், என்னை வளர்த்தது அத்தை.

அந்த வருடம் வடபழனியிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். அவருடைய தம்பி மஸ்கட்டில் இன்ஜினியர். ஜாதகம் பொருந்தியிருந்தது. அந்த அம்மாளுக்கு அத்தையைப் பிடித்தும் போயிற்று. "தம்பி அடுத்த மாசம் லீவுல வரான். அதுக்கு முன்னாடி பொண்ணு போட்டோ ஒண்ணு ஈமெயில்ல அனுப்பச் சொல்றான். புதுசா எடுத்ததா அனுப்புங்க. இந்த வாரத்துக்குள்ள போனா நல்லது" என்றார்.

தொண்ணூறுகள் முடியப்போகும் காலம் அது. ஈமெயில் என்பது எங்கள் வீட்டில் எல்லோரும் கேள்விப்பட்ட, யாரும் பார்த்திராத ஒன்று. படத்தைக் கம்பி வழியாக எப்படி அனுப்புவது என்று அப்பா இரண்டு நாள் கவலைப்பட்டார். பிறகு கீழ்வீட்டு அங்கிள் ஞாபகம் வந்தது. அவர் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்தார். வெளிநாடு போய்வந்தபோது ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கி வந்திருந்தார். ஃபிலிமே வேண்டாத கேமரா. அப்பா போய்க் கேட்டதும், "இதுக்கென்ன சார், ஞாயித்துக்கிழமையே எடுத்துடலாம். திங்கக்கிழமை காலைல நான் பூனா கிளம்பறேன், வர ரெண்டு மாசம் ஆகும்" என்றார்.

ஞாயிறு மாலை எல்லோரும் மொட்டை மாடிக்கு ஏறினோம். வெளிச்சம் நன்றாக இருந்ததால் ஃப்ளாஷ் வேண்டாம் என்று அங்கிள் சொல்லிவிட்டார். அத்தைக்கு அதுவே பாதி தைரியம் கொடுத்தது. பின்னணிக்காக அம்மா ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள், அப்பா இன்னொரு முனையை. அத்தை மாம்பழ நிறப் பட்டுப்புடவையில் நடுவில் நின்றாள். ஏழு படங்கள் ஒழுங்காக எடுத்தாயிற்று. எட்டாவதை எடுக்கும்போது காற்று அடித்தது. விரிப்பு அப்பாவின் தலையில் விழுந்து அவரை முழுக்க மூடிவிட்டது. உள்ளே இருந்துகொண்டு அப்பா, "நல்லா நிமிர்ந்து பாரும்மா, கண்ணை மூடாத" என்று அதட்டிக்கொண்டிருந்தார். அத்தை திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அங்கிள் அழுத்திவிட்டார்.

கேமராவின் முதுகில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு திரை இருந்தது. எடுத்த படம் எடுத்த கையோடு அதில் தெரிந்தது. அத்தை குனிந்து பார்த்தாள். கன்னத்தில் ஒரு கொத்து முடி, திரும்பிய கழுத்து, வாய் நிறையச் சிரிப்பு. கண் அகலமாகத் திறந்திருந்தது.

"நானா அண்ணி இது?"

"வேற யாரு? நீதான்" என்றாள் அம்மா.

அத்தை கேமராவைத் திருப்பிக் கொடுக்க மறந்து பார்த்துக்கொண்டே நின்றாள். அங்கிள் மரியாதைக்காக வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு கீழே போய் அவர்கள் வீட்டு டிவியில் ஒரு மஞ்சள் வயரைச் சொருகி எல்லாப் படங்களையும் பெரிதாகக் காட்டினார். செய்தி வாசிக்கிறவர்கள் வரும் இடத்தில் எங்கள் அத்தை வந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்பா நான்காவது படத்தை அனுப்பலாம் என்றார். அதில் அத்தை அடக்கமாக நின்றிருந்தாள். அத்தை தரையைப் பார்த்தபடி, "எட்டாவதையும் சேர்த்து அனுப்பலாம்ணே" என்றாள். "அதுல பல்லெல்லாம் தெரியுது" என்றார் அப்பா. "தெரிஞ்சா என்ன, சொந்தப் பல்லுதானே" என்று அம்மா சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். இரண்டையும் அனுப்புவதென்று முடிவாயிற்று.

கேமராவிலிருந்து அங்கிளின் ஆபீஸ் லேப்டாப்புக்கு ஒரு தடித்த கேபிள் போயிற்று. ஒரு படம் கடந்து வர ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. திரையில் நீலக் கோடு ஒன்று மெதுவாக வளர்வதையே பார்த்துக்கொண்டு நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வந்த படங்களை அவர் அப்படியே ஒரு ஃப்ளாப்பியில் ஏற்றினார். ஈமெயிலுக்கு பிரவுசிங் சென்டரில் இந்த ஃப்ளாப்பியைக் கொடுத்தால் போதும், மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றார்.

அந்தக் கோடு ஊர்ந்துகொண்டிருந்த நேரத்தில்தான் கீழ்வீட்டு ஆன்ட்டி, கல்யாணத்துக்குப் பிறகு அத்தை எங்கே இருப்பாள் என்று அம்மாவிடம் கேட்டார்.

"மஸ்கட்தான். முடிஞ்சு பத்து நாள்ல கூட்டிக்கிட்டுப் போயிடுவாராம். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் லீவாம்."

எனக்குக் கல்யாணம் என்றால் புதுப் பாவாடையும் சாப்பாடும் என்றுதான் தெரியும். அத்தை போய்விடுவாள் என்று அதுவரை யாரும் என்னிடம் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்த அம்மா, "உனக்கென்ன, இனிமே ரூம் முழுக்க உனக்குத்தான்" என்று சமாதானம் சொன்னாள்.

ஃப்ளாப்பியை மாடிக்கு எடுத்துப்போகும் பொறுப்பு எனக்கு வந்தது. என் கையில் வைத்துவிட்டு அங்கிள், "ஜாக்கிரதை பாப்பா. தண்ணி படக் கூடாது. காந்தம் கிட்ட வெக்கவே கூடாது. உள்ள இருக்கிறது எல்லாம் போயிடும்" என்றார்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு நான் வந்தபோது அம்மா தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு இறங்கிப்போயிருந்தாள். ஃப்ளாப்பி சாமி அலமாரியில், குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் இருந்தது. நான் காந்தத்தை எடுத்து வந்தேன். கோபத்தில் செய்தேன் என்று சொல்ல முடியாது. அழுதுகொண்டும் செய்யவில்லை. வீட்டுப்பாடத்தில் தப்பை அழிப்பது போல, ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு அழுத்தித் தேய்த்தேன். திருப்பிப் போட்டும் தேய்த்தேன். ஃப்ளாப்பியில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. அதே கறுப்புச் சதுரம், அதே வெள்ளை ஒட்டுத்தாள், அதில் அங்கிள் எழுதிய அத்தையின் பெயர். அங்கிள் சும்மா பயமுறுத்தியிருக்கிறார் என்று நினைத்தேன். கொஞ்சம் ஏமாற்றமாகவும் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டேன்.

மாலையில் அப்பாவும் அத்தையும் கிளம்பினார்கள். என்னையும் அத்தை கூப்பிட்டாள். உஸ்மான் ரோட்டிலிருந்து பிரிகிற சந்து ஒன்றில், துணிக்கடைக்கு மேலே அந்த சென்டர் இருந்தது. மஸ்கட்டுக்குப் படம்தான் போகப்போகிறதே தவிர அத்தை போகவில்லை. ஆனாலும் அவள் முகம் கழுவிப் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

சென்டர்காரர் ஃப்ளாப்பியைச் சொருகினார். கம்ப்யூட்டர் உள்ளே யாரோ பல்லைக் கடிப்பது போலச் சத்தம் வந்தது. அவர் வெளியே எடுத்து உதறி, மறுபடி சொருகினார். வேறு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார்.

"இன்னா சார், இதுல ஒண்ணியும் இல்லியே. ஃபார்மேட் பண்ணவான்னு கேக்குது."

"நேத்துதான் ஏத்தினது. நல்லாப் பாருங்க" என்றார் அப்பா.

"பாத்துக்கினு தான் கீறேன் சார். பூந்து பூந்து பாத்தாலும் இருந்தாத்தானே வரும்? ஃப்ளாப்பி இப்பிடித்தான் சார், சொல்லிக்காம பூடும்."

அப்பா பக்கத்து பூத்திலிருந்து கீழ்வீட்டுக்குப் போன் செய்தார். அங்கிள் காலையிலேயே பூனாவுக்குக் கிளம்பிவிட்டார். கேமராவும் லேப்டாப்பும் அவரோடு போய்விட்டன. இருந்தாலும் பயனில்லை என்றார் ஆன்ட்டி. அடுத்த வீட்டுப் பெண்ணின் படம் தன் ஆபீஸ் மெஷினில் இருப்பது முறையில்லை என்று ஞாயிற்றுக்கிழமையே இரண்டிலும் அழித்துவிட்டாராம். அவ்வளவு நல்ல மனிதர்.

அப்பா பூத்திலிருந்து திரும்பி வந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து அந்தப் பழைய ஸ்டுடியோ படத்தை எடுத்தார். எதற்கும் இருக்கட்டும் என்று கொண்டுவந்திருந்தார் போல. சென்டர்காரரிடம் ஸ்கேனர் இருந்தது. மூடியைத் திறந்து படத்தைக் கவிழ்த்து வைத்ததும் ஒரு வெளிச்சம் அடியில் நகர்ந்துபோயிற்று. திரையில் அந்தப் பயந்த முகம் மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. அத்தை அதைப் பார்க்கவில்லை. சுவரில் ஒட்டியிருந்த விதிமுறைகளைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம்ணே. கொஞ்ச நாள் கழிச்சு வேற எடுத்து அனுப்பலாம்" என்றாள்.

"இந்த வாரம்னு சொல்லியிருக்காங்கம்மா. முகம் தெரிஞ்சாப் போதாதா?"

அனுப்பியாயிற்று.

படியிறங்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. பயத்தில் வந்த அழுகை. இப்போது யாராவது என்னைக் கேட்பார்கள், நான் சொல்லிவிடுவேன், அத்தை என்னோடு பேசமாட்டாள் என்று நினைத்தேன். அத்தை படியிலேயே உட்கார்ந்து என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"ஏன்டி அழற? படம்தானே போச்சு, நானா போயிட்டேன்? எனக்காக அழறியா நீ?"

நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் முந்தானையால் என் மூக்கைத் துடைத்துவிட்டாள். எதிர்க் கடையில் ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தாள். நான் முழுவதையும் குடித்தேன்.

பத்து நாள் கழித்து வடபழனி அம்மாள் வந்து, தம்பிக்கு வேறிடத்தில் முடிவாகிவிட்டது என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டுப் போனார். அந்தப் படத்தால்தான் என்று எப்படிச் சொல்வது? வேறு காரணம் இருந்திருக்கலாம். எட்டாவது படம் போயிருந்தாலும் அவர்கள் வேண்டாமென்று சொல்லியிருக்கலாம். இந்த 'லாம்'களை வைத்துக்கொண்டு நான் எத்தனையோ வருடங்களைத் தள்ளியிருக்கிறேன். அதன் பிறகு இரண்டு இடங்கள் வந்தன. இரண்டும் அமையவில்லை. அத்தைக்கு முப்பத்தாறு ஆனபோது அப்பா ஜாதகத்தை எடுத்து பீரோவின் அடித்தட்டில் வைத்தார். அதன் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

நான் நினைத்தது நடந்தது. அத்தை எங்கும் போகவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை எனக்குப் பின்னல் போட்டுவிட்டாள். பரீட்சை நாட்களில் ஆபீசுக்கு லீவு போட்டுப் பள்ளி வாசலில் வெயிலில் நின்றாள். எனக்குக் கல்யாணமாகி பெங்களூர் கிளம்பியபோது பெட்டியில் புடவைகளை அடுக்கிக் கொடுத்தவளும் அவள்தான். ரயில் நகர்ந்ததும் நான் அழுதேன். அம்மாவை விட்டுப்போகிறேன், அப்பாவை விட்டுப்போகிறேன் என்று அழுதேன். ஊர் போய்ச் சேர்ந்து, காலையில் கண்ணாடி முன்னால் தலைவாரும்போதுதான் யாரை விட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்பது உறைத்தது. இப்போது மாதம் ஒரு முறை போனில் பேசுகிறோம். ஒவ்வொரு முறையும் சொல்லிவிட வேண்டும் என்று ஆரம்பிக்கிறேன். அவள் சாப்பிட்டாயா என்று கேட்கிறாள். நான் சாப்பிட்டேன் என்கிறேன்.

ஒரு நாள் மட்டும் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. கீழ்வீட்டு அங்கிள் பூனாவிலிருந்து திரும்பிய வாரம். மஸ்கட் சம்பந்தம் தட்டிப்போய்ப் பல வாரங்கள் ஆகியிருந்தன. வீட்டில் எல்லோரும் அதை மறந்திருந்தார்கள். மாலையில் ஆபீசிலிருந்து வந்த அத்தை மாடிக்கு ஏறாமல் நேராகக் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினாள். நான் மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"சார், அந்தப் படம் வேற எங்கயாவது இருக்குமா? அந்த எட்டாவது."

"இல்லம்மா. ரெண்டுலயும் அழிச்சிட்டேன். வேணும்னா இப்பவே இன்னொண்ணு எடுத்துடலாமே."

"இல்ல சார், பரவாயில்ல" என்று அத்தை சொன்னாள்.

அவள் வருவதற்குள் நான் எழுந்து மேலே ஓடினேன். அப்பா வாசலில் நின்றிருந்தார். அவர் காதிலும் விழுந்திருந்தது.

"அவங்கதான் வேண்டாம்னுட்டாங்களே, இனிமே அந்தப் படம் எதுக்கும்மா?"

"யாருக்கும் அனுப்பறதுக்கு இல்லண்ணே. எனக்குத்தான், சும்மா."

சொல்லிவிட்டு அத்தை செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனாள். ஃப்ளாப்பியைப் பற்றி யாரும் என்னைக் கேட்கவில்லை என்ற நிம்மதியோடு நான் அப்பாவின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். தினமும் கண்ணாடியில் பார்க்கிற முகத்துக்குத் தனியாக ஒரு படம் எதற்கு? அப்பா கேட்டது நியாயம் என்றுதான் அன்று எனக்குப் பட்டது.