நாடுகாணியிலிருந்து நடுவட்டம் மஸ்டர் வரை

முருகையா அண்ணன் வீட்டை விட்டு நூறு அடி நடந்த பிறகுதான், அவர் கொடுத்த பாலில்லாத கட்டஞ்சாயாவைக் குடிக்காமல் வந்தது நினைவுக்கு வந்தது. பகல் மணி ஒன்று. நாடுகாணியிலிருந்து கூடலூர் எட்டு கிலோமீட்டர் சொச்சம். பஸ்ஸுக்கு நிற்க மனமில்லை. நடந்தேன்.

பதினோரு வருடத்துக்கு முன் நடுவட்டம் பக்கம் ஒரு எஸ்டேட்டில் நாங்கள் இருவரும் மருந்து அடித்தோம். களை மருந்து இருந்த டேங்க்கைக் கழுவாமல் அதிலேயே உரத்தைக் கரைத்து நர்சரி நாற்றுக்கு அடித்துவிட்டேன். ஒரு வாரத்தில் நாற்று முழுவதும் கருகிப்போனது. விசாரித்தபோது, டேங்க் கழுவ வேண்டியவர் முருகையா என்றேன். சிலோனிலிருந்து வந்த குடும்பம். வேலையும் போயிற்று, எஸ்டேட் கொடுத்திருந்த லயத்து வீடும் போயிற்று. பிறகு நானும் அங்கே நிற்கவில்லை. வால்பாறை, மூணாறு, திருப்பூர் என்று அலைந்தேன். போன இடமெல்லாம் ஜெபக்கூட்டத்தில் எழுந்து, ஆண்டவர் என்னைக் குடியிலிருந்து மீட்ட சாட்சியைச் சொன்னேன். இதை மட்டும் சொன்னதில்லை.

பதினோரு வருடம் கழித்து அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். பாக்கு உரித்தபடியே கேட்டுக்கொண்டார்.

"எனக்கு அன்னிக்கே தெரியும் தம்பி. அடிச்சு முடிச்சிட்டு நீ டேங்க்கை மோந்து பார்த்த. மூஞ்சி செத்துப்போச்சு. பேசாம மூடி வச்சிட்ட."

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமையானா சாட்சி சொல்ற ஆளு நீ. நான் சாராயம் குடிக்கிறவன். தொரை யாரை நம்புவாரு?"

மன்னிக்கக் கேட்டேன். பாக்கு உரிக்கும் அவர் கை நிற்கவில்லை.

"ஒன் ஆண்டவர் மன்னிப்பாரு. லயத்த விட்டு சட்டி பானையத் தூக்குனது அவரில்லையே. எனக்கு இன்னும் மனசு வரல. எம் பேரு கெட்டது அங்க, மஸ்டர்ல. அங்க போயி சொல்லு."

மஸ்டர் என்பது காலையில் எல்லாரையும் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடம்.

மூன்றேகாலுக்குக் கூடலூர். ஊட்டி பஸ்ஸில் ஏறினேன். வளைவுகளில் பஸ் முனகியது. பக்கத்தில் இருந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்து, "மரிப்பு வீட்டுக்கா போறீங்க?" என்று கேட்டார். வேலைக்கு என்றேன். நம்பவில்லை. ஆரஞ்சு மிட்டாய் ஒன்று கொடுத்தார்.

ஐந்து மணிக்கு நடுவட்டம். மூடுபனியில் எதிர்க்கடை தெரியவில்லை. டீ பன்னிரண்டு ரூபாய். சின்ன வேதக்கோயில் ஒன்று திறந்திருந்தது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன், வேறு யாருமில்லை. ஆண்டவரிடம் இதை எத்தனையோ முறை சொல்லி, லேசாகி எழுந்திருக்கிறேன். இந்த முறை லேசாகவில்லை. இத்தனை நாள், என் சாட்சியைக் கேட்டு ஜனங்கள் சொன்ன ஸ்தோத்திரத்தின்மேல் சாய்ந்திருந்தேன். முருகையா மன்னித்திருந்தால் அதன்மேல் சாய்ந்திருப்பேன். இப்போது சாய்வதற்கு ஆண்டவருடைய இரக்கம் தவிர ஒன்றுமில்லை. இரங்கும் என்றேன். காலையில் சொல்லாமல் ஓடிவிடுவேனோ என்ற பயத்தையும் சேர்த்துச் சொன்னேன். அங்கேயே படுத்துக்கொள்ளக் காவல்காரர் ஒரு சாக்குக் கொடுத்தார்.

மறுநாள் ஏழு மணி. மஸ்டரில் நாற்பது பேர் இருந்தார்கள். ஆபீசர் புதியவர், இளவயது. பெயர் கூப்பிட்டு முடியும்வரை நின்று, பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். முருகையாவைத் தெரிந்தவர்கள் நாலைந்து பேர்தான். அவர்களில் ஒரு அக்கா கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டே, "ஏனுங்க, கருகின நாத்துக்கு இப்பத்தான் தண்ணி ஊத்த வந்தீங்களா?" என்றார். சிரித்தார்கள். ஒருவரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை.

ஆபீசர் எழுதித் தரச் சொன்னார். ஏழாவது வரை படித்த கையெழுத்தில் ஒரு பக்கம் எழுதினேன். முருகையாவின் பழைய கோப்பைத் தேடி எடுத்து அதில் வைத்தார். "அவருக்கு வயசு தாண்டிருச்சு, வேலை தர முடியாதுங்க. பேரைச் சரி பண்ணலாம்" என்றார். என்னிடமிருந்த முருகையா மகளின் நம்பரை வாங்கிக்கொண்டு, தானே கூப்பிட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

நான் கிளம்பும்போது கூப்பிட்டார். "மருந்துக் கொட்டகையில டேங்க் கழுவ ஆளில்ல. செய்வீங்களா?"

சரி என்றேன்.

மற்றவர்கள் மலைக்குப் போய்விட்டார்கள். கொட்டகையில் நான் மட்டும். ஒவ்வொரு டேங்க்கையும் மூன்று தண்ணீர் விட்டுக் கழுவி, மோந்து பார்த்துக் கவிழ்த்தேன். கடைசி டேங்க்கில் வாடை இன்னும் இருந்தது. நான்காவது தண்ணீருக்கு வாளியை எடுத்துக்கொண்டு குழாய்க்குப் போனேன்.